கட்டைவிரல் கயிறு

தறி குடோனை விட்டு வெளியே வந்தும்
காதுக்குள் நாலு தறி ஓடிக்கொண்டிருக்கும்.
சைக்கிளை அழுத்தி அருள்புரம் வளைவுக்கு வந்தால்
கோகிலவாணி வேன் படியில் ஒரு கால் வைத்து நிற்பாள்.
"ஆறு மணிக்குக் குடிச்சா. சளி கேக்குது.
பொழுதோட இட்லிய மசிச்சுக் குடுங்க."
அம்மிணி என் தோளில் சரியாக உட்கார்வதற்குள்
வேன் பல்லடம் ரோட்டில் சின்னதாகிவிடும்.
ஒரு நாளில் நாங்கள் மூன்று பேராக இருப்பது
டிரைவர் ஹாரன் அடிக்கிற நேரம்.

ஒன்றரை ஷிப்ட் அவளுக்குப் பகல்.
எனக்கு ராவு.
நடுவில் பொழுதோட முக்கால் மணி நேரம்
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.
அதை லைன் வீட்டின் நாலாம் நம்பர் மினதி
கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.
ஒடிசாவில் எந்த ஊர் என்று சொல்வாள்,
எனக்கு வாயில் நிற்காது.

சிமெண்ட் அட்டைக்குக் கீழே பகல் தூக்கம்.
தரையை ஒட்டித் தொங்கும் சேலைத் தொட்டிலில் ஒரு முனை,
என் வலது கால் கட்டைவிரலில் மறுமுனை.
கழிவு நூலை ஆறு பிரியாக முறுக்கிய கயிறு.
அவள் புரண்டால் எனக்கு விரல் இழுபடும்.
நான் காலை ஆட்டினால் அவள் ஆடுவாள்.
விழிக்காமலே ஆட்டப் பழகிவிட்டேன்.
தறிக்காரனுக்கு இதொன்றும் பெரிய வித்தையில்லை,
இழை அறுந்தால் தூக்கத்திலும் தெரியும்.
அவள் சிரித்தால் மட்டும்
கயிற்றில் எதுவும் வராது.

ஒன்பதாம் மாச ஊசிக்கு
அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று
இரண்டு பேருமே போனோம்.
நர்ஸம்மா அட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.
பேர் சொன்னால் திரும்புகிறாளா?
திரும்புகிறாள்.
தவழ்கிறாளா?
தவழ்கிறாள்.
எப்போதிருந்து?
கோகிலா என்னைப் பார்த்தாள்.
நான் கோகிலாவைப் பார்த்தேன்.
நர்ஸம்மா அந்தக் கட்டத்தில் என்னவோ எழுதிக்கொண்டார்.
பிறகு மினதிதான் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்,
வெள்ளிக்கிழமையோடு பதினெட்டு நாள்.

பஸ்ஸில் கோகிலா ஒன்றும் பேசவில்லை.
மத்தியானம் பால் கட்டி வலிக்கும்போது
கம்பெனி பாத்ரூம் சுவரைப் பார்த்துப் பீய்ச்சிவிடுவதை
வீட்டுக்கு முந்தின ஸ்டாப்பில்தான் சொன்னாள்,
என்னைப் பார்க்காமல், ஜன்னலிடம்.

அதற்கடுத்த மாதம், ஒரு புதன்கிழமை,
கயிறு இழுபட்ட விதம் வேறாக இருந்தது.
கண்ணைத் திறந்தேன்.
தொட்டிலை விட்டு எப்போது நழுவினாளோ,
கயிற்றைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து வந்து
என் முழங்காலில் இரண்டு கையும் ஊன்றி
நின்றுகொண்டிருந்தாள் அம்மிணி.
நின்றாள் என்றால் நின்றாள்,
பத்து எண்ணுகிற வரைக்கும்.
அப்புறம் பொத்தென்று உட்கார்ந்து
என் கட்டைவிரலைக் கடித்தாள். இரண்டே பல்.

மணி இரண்டு பத்து.
செல்லை எடுத்தேன்.
வேலை நேரத்தில் அவளுடைய செல்
கேட்டில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும்.
எடுத்ததைக் கீழே வைத்தேன்.
வியாழன் வெடியால சொல்லவில்லை.
வெள்ளி, வேன் படியருகே, நாக்கு நுனிவரை வந்தது.
"சளி விட்டுப்போச்சு" என்றேன்.

ஞாயிறு
அரப்புத் தேய்த்துக் குளித்து
ஈர முடியோடு கோகிலா கை நீட்டினாள்.
அம்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
அவளுக்குத் தெரிந்த அம்மாவுக்கு
பனியன் பஞ்சு வாசம், மெஷின் எண்ணெய் வாசம்.
"என்ற புள்ளைக்கே நான் ஒறம்பரையா?"
சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.
ஆணியில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபடி வந்து குனிந்தாள்.
அட்டை ஆடியது.
பிள்ளை அதன் நாடாவைப் பிடித்தாள்,
பிடித்து இழுத்து, இழுத்து

"ஏனுங்க! ஓடியாங்க!
நின்னுட்டா, மொதமொதல்ல நின்னுட்டா!"

சோப்புக் கையோடு ஓடினேன்.
"அடேயப்பா" என்றேன்.
சத்தம் கேட்டு மினதியும் வாசலுக்கு வந்து
கை தட்டினாள், வெகுநேரம் தட்டினாள்.
என் கண்ணை மட்டும் அவள் பார்க்கவில்லை.